ஐசிசி-யில் மாணவர் உறுப்பினர்: வேலை என்ன, எங்கே இடறும்?

நெல்லிமரம் (இழை தொடங்கியவர்)

கல்லூரியில பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கற உள்ளகப் புகார்க் குழுவுல (ஐசிசி) மூணு மாணவர்கள் இருக்கணும்னு பல்கலைக்கழக மானியக் குழுவோட (யுஜிசி) விதி இருக்கு. அந்த மூணு பேர் என்ன செய்யணும்னுதான் எங்கயும் தெளிவா இல்ல. போஸ்டர் ஒட்டறதா, புகாரை விசாரிக்கறதா, ஹாஸ்டல் நேரத்துக்காக வாதாடறதா? எல்லாமேன்னா எது முதல்ல? குழு வேலை தெரிஞ்சவங்க, சட்டம் தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க. "விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" ரகப் பதில் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

---

கோப்புக்கட்டு

முதலில் குழுவே சரியாக அமைந்திருக்கிறதா பாருங்கள். அமைப்பில் ஓட்டை இருந்தால் எவ்வளவு நேர்மையாக விசாரித்தாலும் மேல்முறையீட்டில் அடிபடும்.

யுஜிசி-யின் 2015 விதிமுறைகள் (அரசிதழில் வந்தது 2016 மே மாதம்) சொல்வது இது. தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நிலை, கல்லூரியில் குறைந்தது இணைப் பேராசிரியர் நிலை. ஆசிரியர்கள் 2, ஆசிரியரல்லாத ஊழியர்கள் 2, பெண்கள் பிரச்சினையில் பணியாற்றும் அமைப்பிலிருந்தோ இந்த விஷயம் தெரிந்தவர்களிலிருந்தோ வெளியாள் 1. புகாரில் மாணவர் சம்பந்தப்பட்டிருந்தால் மட்டும் மாணவர்கள் 3: இளநிலை, முதுநிலை, ஆய்வு என்று படிக்கு ஒருவர். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள்.

பலரும் கவனிக்காத வரி ஒன்று உண்டு. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. நடைமுறையில் "சீனியர் மேடம்" என்று துறைத்தலைவரையே தலைவராகப் போட்டுவிடுவார்கள். இதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் எழுப்புங்கள். ஒரு புகார் நடந்துகொண்டிருக்கும்போது எழுப்பினால் நீங்கள் ஒரு தரப்புக்காகப் பேசுவதாகத்தான் தெரியும்.

மாணவர் உறுப்பினர்களை வெளிப்படையான, ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். முதல்வர் அறைக்குக் கூப்பிட்டு "நீதாம்மா இந்த வருஷம்" என்பது தேர்தல் ஆகாது. அரசுக் கல்லூரி என்றால் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு ஒன்று போதும். கட்டணம் ₹10, பதிலுக்குக் கெடு 30 நாள். கேட்க வேண்டியவை: குழு அமைத்த ஆணையின் எண், தேதி, மாணவர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறை, அதற்கான அறிவிப்பின் நகல், மூன்று ஆண்டுகளில் வந்த புகார், முடிந்த புகார், 90 நாள் தாண்டியும் முடியாத புகார் எத்தனை. எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். பெயர் கேட்டால் மனுவைத் தள்ள நாமே காரணம் கொடுத்ததாகும். சுயநிதிக் கல்லூரியாக இருந்தால் இணைப்பு தந்த பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம்.

---

மாடிப்படி

கோப்புக்கட்டு சொன்னது அஸ்திவாரம். நெல்லி கேட்ட கேள்விக்குப் பதில் வேறொரு இடத்தில் இருக்கிறது. மாணவர் உறுப்பினருக்குத் தலை ஒன்று, தொப்பி இரண்டு. ஒன்று பிரதிநிதித் தொப்பி: விளக்கு எரியவில்லை, விடுதி விதி ஒருதலையாக இருக்கிறது, பயிலரங்கு நடக்கவில்லை என்று மாணவர் பக்கம் நின்று வாதாடுவது. மற்றது விசாரணைத் தொப்பி. அதைப் போட்ட நிமிடம் நீங்கள் யார் பக்கமும் இல்லை.

பெரும்பாலான சிக்கல் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுக்கொள்வதால்தான் வருகிறது. கேன்டீனில் ஒரு ஜூனியர் வந்து அழுகிறாள், நீங்கள் ஒரு மணி நேரம் கேட்கிறீர்கள், புகாரை எழுதவும் உதவுகிறீர்கள். இரண்டு வாரம் கழித்து அதே புகாரை விசாரிக்கும் மேசையில் உட்காருகிறீர்கள். எதிர்த்தரப்புக்கு இதைவிட நல்ல மேல்முறையீட்டுக் காரணம் கிடைக்காது. பாதிக்கப்பட்டவள் உண்மையைச் சொல்லியிருந்தாலும் உங்களால் அவள் வழக்கு ஆட்டம் காணும்.

அதனால் யாராவது "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்" என்று வந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டியது: "நான் குழுவுல இருக்கேன். நீ விவரமா சொன்னா நான் விசாரணையில உட்கார முடியாது. நான் உன்கூட இருக்கணுமா, இல்ல குழுவுல இருக்கணுமா? நீயே சொல்லு. ரெண்டுமே சரிதான்." அவள் தேர்ந்தெடுக்கட்டும். கூட இருப்பதென்றால் அன்றே தலைவருக்கு ஒரு வரி எழுதி விலகுங்கள்.

---

தூண்டில்

கேட்க நல்லா இருக்கு. ஆனா 400 பேர் படிக்கிற கல்லூரியில எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தெரிஞ்சவங்க எல்லாரும் விலகினா குழுவுல யாரு மிஞ்சுவா? அப்புறம் மாணவர் இல்லாமலே விசாரணை நடக்கும், நிர்வாகத்துக்கு அதுதான வேணும்.

---

மாடிப்படி

தெரிவது வேறு, தொடர்பு இருப்பது வேறு தூண்டில். ஒரே வகுப்பு என்பதற்காக விலக வேண்டாம். ஒரே அறை, ஒரே ஆராய்ச்சி வழிகாட்டி, உறவு, காதல், பணக் கொடுக்கல் வாங்கல், சம்பவத்தை முன்பே விவரமாகக் கேட்டது: இவற்றில் ஏதாவது இருந்தால் விலகத்தான் வேண்டும். மற்றதை முதல் அமர்விலேயே வாய்விட்டுச் சொல்லிக் குறிப்பேட்டில் ஏற்றிவிட்டால் போதும். பின்னால் யாரும் "மறைத்தார்" என்று சொல்ல முடியாது.

நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மைதான், மறுக்கவில்லை. அதற்கு வழி, தேர்தலிலேயே ஒவ்வொரு படிக்கும் அடுத்த இடத்தில் வந்தவரை மாற்று உறுப்பினராக அறிவிக்கச் சொல்வது. புகார் வந்தபின் மாற்று ஆள் தேடினால் தேடுவது நிர்வாகம்தான்.

---

கோப்புக்கட்டு

இதோடு சேர்த்து ஒன்று. உறுப்பினர் பதவிக்காலம் 3 ஆண்டு. இளநிலை மாணவர் மூன்றாம் ஆண்டில் தேர்வானால் ஜூனில் போய்விடுவார். பாதி சாட்சிகளைக் கேட்டவர் போய், ஒன்றும் கேட்காதவர் வந்து கையெழுத்துப் போடுவதுதான் நடக்கும். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் தேர்ந்தெடுங்கள். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை மாற்றும் முறைக்கும் விதியில் இடமுண்டு. அதையே கேட்டுப் பெறலாம்.

அமர்வுக்குத் தலைவரையும் சேர்த்துக் குறைந்தது 3 பேர் வேண்டும். இது பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தின் விதி. "மேடம் மீட்டிங்ல இருக்காங்க, நீங்க ரெண்டு பேரும் ஸ்டேட்மென்ட் வாங்கிடுங்க" என்றால் வாங்காதீர்கள்.

---

கறுப்புகோட்டு

கெடுக்களை மனப்பாடம் செய்யுங்கள், மாணவர் உறுப்பினரின் உண்மையான ஆயுதம் அதுதான். அதிகாரம் உங்களுக்குக் கம்மி. காலண்டர் எல்லாருக்கும் பொது.

புகார்: கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள், எழுத்தில். காரணத்தைப் பதிவு செய்து குழு மேலும் 3 மாதம் நீட்டலாம். நகல் எதிர்த்தரப்புக்கு 7 நாளில் போக வேண்டும். அவர் பதில், ஆவணங்கள், சாட்சிப் பட்டியல் 10 நாளில். விசாரணை புகார் கிடைத்ததிலிருந்து 90 நாளில் முடிய வேண்டும். அறிக்கை அடுத்த 10 நாளில் நிர்வாகத்துக்கும் இரு தரப்புக்கும். நிர்வாகம் 30 நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கும் 30 நாள்தான். குழுவின் பரிந்துரையை நிர்வாகம் ஏற்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் குழுவுக்குத் தர வேண்டும்.

இதில் முதல் கெடுதான் ஆளை அடிக்கும். ஒரு சட்டப் பல்கலைக்கழக வழக்கில் கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் அதே ஆண்டு டிசம்பர். காலம் கடந்தது என்ற ஒரே காரணத்தால் புகார் நிற்காது என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "செமஸ்டர் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் அவர்களிடம் புகார் கொடு, கொடுக்காதே என்று எதுவும் சொல்லாதீர்கள். கடைசி நாள் எந்தத் தேதி என்று எண்ணிச் சொல்லுங்கள், அது போதும்.

அடுத்தது பலருக்குத் தெரியாத பள்ளம். முதலாண்டு மாணவிக்கு 17 வயதாக இருக்கலாம். அப்படியானால் 18 வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிடும். குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும் (பிரிவு 19). தெரிவிக்காமல் விட்டால் பிரிவு 21-இன்படி 6 மாதம் வரை சிறை. ஆகவே "யாருக்கும் சொல்ல மாட்டேன், சத்தியம்" என்று ஒருபோதும் வாக்குத் தராதீர்கள். வயதைக் கேட்டுவிட்டுப் பிறகு கதையைக் கேளுங்கள்.

---

நெல்லிமரம்

போக்சோ விஷயம் சுத்தமா யோசிக்கல. ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கொண்டு வராங்கன்னா என்ன சொல்லணும்?

---

கறுப்புகோட்டு

ஸ்கிரீன்ஷாட் மட்டும் பத்தாது. எதிராளியின் எண் தெரிய வேண்டும், தேதி தெரிய வேண்டும், நடுவில் வெட்டக் கூடாது. தனக்குப் பாதகமான நாலு வரியை நீக்கிவிட்டுத் தருவார்கள். எதிர்த்தரப்பு முழு உரையாடலையும் வைத்தால் அந்த நாலு வரிதான் பேசுபொருளாகும். முழு சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்து தனக்கே மின்னஞ்சல் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். மறையும் செய்தி வசதி இயங்கினால் அணைக்கட்டும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட வேண்டாம். குழு நீதிமன்றம் போலச் சாட்சியச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றாது. ஆனால் விஷயம் காவல் நிலையம் போனால் மின்னணுச் சான்றுக்குப் பாரதிய சாக்ஷிய அதிநியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு மூலக் கருவி கையில் இருக்க வேண்டும்.

முக்கியமாக, அதை உங்கள் போனுக்கு ஃபார்வர்டு செய்யச் சொல்லாதீர்கள். புகாரோடு குழுவுக்கு நேராகப் போகட்டும்.

---

தூண்டில்

விசாரணையில மாணவர் உறுப்பினர் வாயத் திறந்தா தலைவர் முறைக்கிறாங்க. கேள்வி கேக்கலாமா, இல்ல சும்மா அட்டென்டன்ஸ்தானா?

---

மாடிப்படி

கேட்கலாம். மற்ற உறுப்பினருக்கு உள்ள உரிமை அத்தனையும் உண்டு. என்ன கேட்பது என்பதில்தான் தரம் தெரியும். "ஏன் முன்னாடியே சொல்லல", "அந்த நேரத்துல ஏன் அங்க போன", "முன்னாடி பழக்கம் உண்டா" என்பவை கேள்வியே இல்லை, தீர்ப்பு. மாணவருக்கு மட்டுமே தெரிந்த தகவல்கள் இருக்கும், அதில் கேளுங்கள்: அன்று லேப் எத்தனை மணிக்குப் பூட்டினார்கள், சாவி யாரிடம், ரெக்கார்ட் கையெழுத்து எந்த அறையில் வாங்குவார்கள், இன்டர்னல் மதிப்பெண் எப்போது ஏற்றினார்கள். பேராசிரியர்களுக்கு இதெல்லாம் தோன்றாது.

இரு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைக்க வேண்டிய அவசியம் இல்லை. எதிர்த்தரப்பு தன் கேள்விகளை எழுதித் தரட்டும், குழு கேட்டுப் பதிலைப் பதிவு செய்யும். ஆனால் கேள்வி கேட்கும் வாய்ப்பை அறவே மறுக்கக் கூடாது. கோவா பல்கலைக்கழக வழக்கைப் பாருங்கள். 2009-இல் குழு அவசர அவசரமாக அமர்வுகளை முடித்தது. அதன் அடிப்படையில் வந்த பணிநீக்கத்தை 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, விசாரணையை 2009-இல் நின்ற இடத்திலிருந்து மறுபடி நடத்தச் சொன்னது. புகார் கொடுத்தவர்களுக்கு 14 ஆண்டு கழித்து மறுபடியும் விசாரணை! எதிர்த்தரப்பின் உரிமையைக் காப்பது புகார்தாரருக்குச் செய்யும் உதவிதான்.

இன்னொன்று: முதல் அமர்விலேயே இடைக்கால ஏற்பாடு பற்றிப் பேச்சை எடுங்கள், மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். எதிர்த்தரப்பு ஆசிரியர் என்றால் புகார்தாரரின் விடைத்தாள், செய்முறைத் தேர்வு, ஆய்வு முன்னேற்றம் எதையும் அவர் மதிப்பிடக் கூடாது என்று குழு பரிந்துரைக்கலாம். புகார்தாரருக்கு 3 மாதம் வரை விடுப்பும் உண்டு. ஆய்வு மாணவிக்கு இது உயிர்நாடி. வழிகாட்டி கையெழுத்து இல்லாமல் ஃபெலோஷிப் நின்றுவிடும், இரண்டு மாதத்தில் அவளே புகாரைத் திரும்பப் பெறுவாள். வழிகாட்டிக்குப் பதில் கையெழுத்துப் போடும் ஆள் யார் என்று பெயரோடு கேட்டு வாங்குங்கள்.

---

கறுப்புகோட்டு

சமரசம் பற்றி ஒரு வரி. விசாரணைக்கு முன், புகார்தாரரே கேட்டால் மட்டும். பணம் கைமாறக் கூடாது. "ரெண்டு பேரும் சின்னப் பசங்க, பேசித் தீர்த்துக்கட்டும்" என்று குழுவே தொடங்குவது சமரசம் இல்லை, அழுத்தம். மாணவர் உறுப்பினரைத்தான் தூது அனுப்பப் பார்ப்பார்கள். போகாதீர்கள்.

நிரூபிக்க முடியாத புகார் வேறு, பொய்ப்புகார் வேறு. சான்று போதவில்லை என்பதற்காகப் புகார்தாரர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. அறிக்கையில் இந்த இரண்டும் குழம்பியிருந்தால் கையெழுத்துப் போடாமல் மாற்றுக் கருத்து எழுதித் தரலாம்.

---

பால்கனி_7

எல்லாரும் விசாரணையையே பேசறீங்க. வருஷத்துக்கு நாலஞ்சு புகார் வந்தாலே அதிகம். மீதி நாள் பூரா பிரதிநிதித் தொப்பிதான். அதுல பெரிய வேலை ஹாஸ்டல்.

யுஜிசி விதிமுறைகள்லயே இருக்கு: பாதுகாப்பக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதியில இல்லாத கட்டுப்பாட்டப் பெண்கள் விடுதியில போடக் கூடாது. கண்காணிப்புங்கிற பேர்ல நடமாட்டத்த முடக்கக் கூடாதுன்னும் இருக்கு. நிறைய வார்டனுக்கு இது தெரியாது. ஆனா நேராப் போய் "சுதந்திரம் வேணும்"னா கதவு மூடிக்கும். ரெண்டு விடுதி விதிப் புத்தகத்தையும் வாங்கி ஒரே தாள்ல ரெண்டு பத்தியா எழுதுங்க: உள்ளே வர நேரம், அவுட்பாஸ் கையெழுத்து, வீட்டுக்குப் போன் பண்ணி உறுதி கேக்கறது, தாமத அபராதம், விருந்தினர், லைப்ரரி அனுமதி. கருத்தே எழுதாதீங்க, விதி எண் மட்டும் போடுங்க.

அப்புறம் ஒரு கணக்கு. பெண்கள் விடுதி 6.30, லைப்ரரி மூடறது 8.00னு வைங்க. நாளுக்கு ஒன்றரை மணி நேரம், 150 வேலைநாள், 225 மணி நேரம். லைப்ரரி ஃபீஸ் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒண்ணுதான். இந்த ஒரு வரிக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

நிர்வாகம் பயப்படறது பெற்றோருக்குத்தான், அதனால தீர்வையும் கையில கொண்டு போங்க: ரெண்டு விடுதிக்கும் ஒரே நேரம், ஒரே பதிவேடு, லைப்ரரி மூடற நேரத்துக்கு விடுதி வரைக்கும் ஒரு வண்டி. எல்லாத்தையும் ஒரே மனுவுல திணிக்காதீங்க. பத்துக் கோரிக்கை போட்டா சுலபமான ரெண்டத் தீர்த்துட்டு "நடவடிக்கை எடுக்கப்பட்டது"ன்னு ஃபைலை மூடிடுவாங்க.

---

கோப்புக்கட்டு

பால்கனி சொன்னதை முழுக்க வழிமொழிகிறேன். மனு கொடுத்தபின் நடக்க வேண்டியது கூட்டக் குறிப்பில்தான் நடக்கும். "விளக்கு வசதி குறித்து விவாதிக்கப்பட்டது" என்ற வாக்கியத்துக்கு மதிப்பு பூஜ்யம். இப்படி இருக்க வேண்டும்:

"பொருள் 4: பெண்கள் விடுதிப் பின்வாசல் முதல் சைக்கிள் ஸ்டாண்ட் வரை. 5 கம்பங்களில் 3 எரியவில்லை. மாணவர் உறுப்பினர் 12-ஆம் தேதி இரவு 7.15-க்கு எடுத்த படங்கள் இணைப்பு. பொறுப்பு: மின்பிரிவு உதவிப் பொறியாளர். கெடு: 15 நாள். அடுத்த கூட்டத்தில் நடவடிக்கை அறிக்கை முதல் பொருளாக வைக்கப்படும்."

குறிப்பை எழுதுபவர் உறுப்பினர் செயலராகத்தான் இருப்பார். கூட்டம் முடிந்த அன்றே உங்கள் வரிகளை மின்னஞ்சலில் அவருக்கு அனுப்பி, "விடுபட்டால் சேர்த்துக்கொள்ளவும்" என்று எழுதுங்கள். சண்டை வேண்டாம். அந்த மின்னஞ்சலே பதிவு.

---

தூண்டில்

பசங்க பாதிக்கப்பட்டா? ராகிங் மாதிரி ஆரம்பிச்சு வேற மாதிரி போற விஷயம் நிறைய இருக்கு. "ஐசிசி பொண்ணுங்களுக்கு மட்டும்"னு திருப்பி அனுப்பறாங்க.

---

கறுப்புகோட்டு

2013 சட்டம் பெண்களுக்கானது. யுஜிசி விதிமுறைகள் அதோடு நிற்கவில்லை: முதன்மையாகப் பெண்கள் பாதிக்கப்படுகிறார்கள், சில ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும் பாதிக்கப்படலாம் என்று சொல்லி, எல்லாப் பாலினத்தவர் மீதான வன்முறையிலும் நடவடிக்கை எடுக்கச் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை அச்சடித்துப் புகாரோடு இணைத்தால் திருப்பி அனுப்புவது கடினம். திருநர் மாணவருக்குக் கூடுதல் வழியும் உண்டு. திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டத்தின் பிரிவு 11-இன்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்திருக்க வேண்டும். விடுதி ஒதுக்கீடு, கழிப்பறை, அடையாள அட்டையில் பெயர் இதெல்லாம் அவரிடம்தான் போக வேண்டும், ஐசிசி-யில் போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும்.

---

பால்கனி_7

"ஜெண்டர் சாம்பியன்"னு பேட்ஜ் குத்திக்கிட்டு இருக்கறவங்களையும் இதையும் குழப்பிக்காதீங்க. அது 2015-ல மத்திய அரசு கொண்டு வந்த திட்டம். 16 வயசுக்கு மேல ஆண், பெண் ரெண்டு பேரும் சேரலாம். வேலை பிரச்சாரமும் நிகழ்ச்சியும்தான், விசாரணை அதிகாரம் கிடையாது. ஆனா பயிலரங்கு நடத்த ஆள் பலம் அவங்ககிட்டதான் இருக்கு. அவங்கள நடத்த விட்டுட்டு, "புகார எங்க குடுக்கறது"ன்னு கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் குழு உறுப்பினர் பேசினா போதும்.

---

மாடிப்படி

மாணவரே தேர்தலில் நின்று ஜெயித்து உட்கார்ந்த அமைப்புக்கு உதாரணம் வேண்டுமென்றால் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யு) பாலியல் தொல்லைப் புகார்களைப் பார்த்த ஜிஎஸ்கேஷ் குழு இருக்கிறது. 1999-இல் வந்தது. 2017-இல் அதைக் கலைத்து ஐசிசி வைத்தார்கள், அதற்குப் பெரிய எதிர்ப்பும் நடந்தது. "மாணவர்களால் தேர்தல் எல்லாம் நடத்த முடியாது" என்று நிர்வாகம் சொன்னால் காட்டலாம்.

---

நெல்லிமரம்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கடைசியா ஒண்ணு. விசாரணை நேரத்துல எடுத்த குறிப்பு, நோட்டு, பதவி முடிஞ்சப்புறம் என்ன பண்றது? வாட்ஸ்அப்ல குழுவுக்குன்னு ஒரு க்ரூப் வேற இருக்கு.

---

கறுப்புகோட்டு

க்ரூப்பில் கூட்ட நேரம், அறை எண் இரண்டையும் தவிர எதுவும் வரக் கூடாது, புகார்தாரரின் துறைப் பெயர்கூட. 400 பேர் கல்லூரியில் "பயோகெமிஸ்ட்ரி, முதுநிலை இரண்டாம் ஆண்டு" என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அடையாளத்தை வெளியிடுவது 2013 சட்டத்தின் பிரிவு 16-ஐ மீறுவது. விதிகளில் ₹5,000 அபராதம் உண்டு, பாதிக்கப்பட்டவர் இழப்பது அதைவிடப் பெரிது.

விசாரணைக் குறிப்புக்குத் தனி நோட்டு போடுங்கள், பக்க எண்ணோடு. பாட நோட்டில் எழுத வேண்டாம், யாராவது ஜெராக்ஸ் எடுக்க வாங்கிப் போவார்கள். வழக்கு முடிந்ததும் நோட்டை உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தலைவரிடம் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். போனில் படம் எடுத்திருந்தால் கேலரியில் அழித்தது போதாது, குப்பைத் தொட்டியும் கிளவுட் பேக்கப்பும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒப்புகைச் சீட்டை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.